ரம் சேர்க்காத கேக்

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய செல்வினுக்கு வெண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மனைவி பிலோமினா இந்தக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றி மாவு கலக்கினாள். பழங்களும் ரம்மில் ஊறாமல் ஆரஞ்சுச் சாற்றில் ஊறியிருந்தன.

“ரம்மும் எனக்கு ஆகாதா?”

“அது உங்களுக்காக இல்லீங்க. ஜமால் அண்ணன் சாப்பிடணும்ல.”

செல்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, லிஃப்ட் இல்லாத மூன்று மாடியும் அவரைத் தோளில் சுமந்து இறக்கியவர் கீழ்வீட்டு ஜமால். கேக் வெந்ததும் செல்வின் தட்டை யாரிடமும் கொடுக்காமல், கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்கிப் போனார்.

“ஒரு குரல் கொடுத்தா வந்திருப்பேனே!” ஜமால் பதறினார்.

செல்வின் தட்டை நீட்டினார். ஜமால் அவரை உட்காரவைத்து, முதல் துண்டைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனார்.