முதல் இரை

நாலு நாளாகியும் அந்த வல்லூறு ஒரு எலியைக்கூடப் பிடிக்கவில்லை.

ஹந்தானைச் சரிவில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஞானேஸ்வரி தொலைநோக்கியை இறக்காமல் நின்றாள். குண்டசாலையில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருப்பவள். மின்கம்பியில் மோதி இடது இறக்கை முறிந்து கிடந்த அந்தப் பறவையை மூன்று மாதத்துக்கு முன் அங்கே கொண்டுவந்தவர் மடவளையில் முச்சக்கரவண்டி ஓட்டும் அஹ்னாப். இனி இது வேட்டையாடாது, ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். அவள்தான் மன்றாடித் தவணை வாங்கினாள். எலும்பு கூடியது. பறக்கவும் செய்தது. நாலு நாளுக்கு முன் இந்தச் சரிவில் திறந்துவிட்டார்கள்.

ஆனால் பறந்தால் மட்டும் வயிறு நிறையுமா?

இன்றைக்குள் இரை பிடிக்காவிட்டால் திரும்பப் பிடித்துக்கொண்டு போய் அந்த ஊசியைப் போட்டுவிடுவது என்று பேச்சு. கூண்டு அஹ்னாபின் வண்டியில் இருந்தது.

ஊற்றடியில் சருகு அசைந்தது.

சருகின் நிறத்திலேயே ஒரு பறவை சடசடவென்று எழும்பி, மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து பறந்தது. கிளையிலிருந்து வல்லூறு பாய்ந்தது. இதோ அந்த இடது இறக்கை மடங்கப்போகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மடங்கவில்லை.

இரண்டும் ஒன்றாக நிலத்தில் விழுந்தன. எழுந்து நின்றது வல்லூறு மட்டும்.

"புடிச்சிட்டுது அக்கா," என்றார் அஹ்னாப்.

ஞானேஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நின்ற நிலையிலேயே டாக்டருக்கு அழைப்பெடுத்து, ஊசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடச் சொன்னாள்.

வல்லூறு இறகுகளைப் பிய்த்து எறியத் தொடங்கியது. அவள் மறுபடி தொலைநோக்கியை உயர்த்தினாள். இரையின் தலை ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. விரல் நீளத்துக்கு அலகு. உச்சந்தலையில் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்பு.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அது என்ன குருவி என்று அஹ்னாப் கேட்டார்.

"காட்டு உள்ளான். பனிக்காலத்துக்கு இமயமலைப் பக்கமிருந்து வர்றது. அது நிம்மதியா சாப்பிடட்டும், வாங்க நாம போவோம்."

வண்டிவரை அவள்தான் முன்னால் நடந்தாள்.

அந்தக் காட்டு உள்ளானை ஒரே ஒருமுறை கண்ணால் கண்டுவிட வேண்டுமென்றுதான் பதினொரு வருடமாக ஒவ்வொரு ஜனவரியும் இந்தச் சரிவுக்கு வந்து போகிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.