பிரசாத் தொட்ட அட்டை

பிரசாத் மறுபடியும் மஞ்சள் அட்டையைத் தொட்டான்.

இந்துமதி கதையைப் பாதியில் நிறுத்தினாள். அது அவளே போட்ட விதி. விளையாட்டில் வரும் ஒரு காட்சி யாருக்காவது பொறுக்க முடியாமல் போனால், மேசை நடுவில் கிடக்கும் அட்டையைத் தொடலாம். காட்சி அத்தோடு போய்விடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஞாயிறு பிற்பகல்களில் குன்னூரில் அவள் வீட்டு முன்னறையில் நடக்கும் விளையாட்டு. இந்துமதி கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். தப்பிப்பதா மாட்டுவதா என்பதைப் பகடை சொல்லும். பிரசாத், அவன் மனைவி எல்சா, இந்துமதியின் தங்கை கோகிலவாணி. பேங்க் வேலை கிடைத்ததிலிருந்து கோகிலா அக்கா வீட்டில்தான் இருந்தாள்.

கதையில் பேய் வந்தபோது பிரசாத் அட்டையைத் தொடவில்லை. ஒருவன் கழுத்தை அறுத்தபோதும் தொடவில்லை. பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்ளும்போது மட்டும் அவன் கை நீண்டது.

அப்படி என்ன இருக்கிறது அவன் மனதில்?

இந்துமதி எல்சாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். கணவன் அட்டையைத் தொட்டதும் எல்சா தலையைக் குனிந்துகொள்கிறாள். போன வாரம் சமையலறையில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிரசாத் கூப்பிட்டதும் பேசாமல் போய்விட்டாள்.

அடிக்கிறானோ. அதைவிட மோசமாக ஏதாவதோ.

கேட்கத்தான் கூடாது. கதை சொல்லலாம்.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியிருந்தது. இந்துமதி வேண்டுமென்றே வேறு வழியாகக் கதையை அங்கேயே கொண்டுவந்தாள். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிற மனிதன். வீட்டில் ஒரு பெண் மட்டும்தான் இருக்கிறாள் என்று தெரிந்து வருகிறான். கதவைச் சாத்துகிறான். அவள் கத்தலாம். கத்தினால் யார் நம்புவார்கள்?

சொல்லிக்கொண்டே பிரசாத்தின் கையைப் பார்த்தாள். அது நீளட்டும், இன்றைக்கு விதியை மீறிக் கேட்டுவிடுவது என்றிருந்தாள்.

அந்தக் கை அசையவில்லை.

அட்டையின் மேல் ஏற்கனவே ஒரு கை இருந்தது. கோகிலாவின் கை.

பிரசாத் கோகிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை அட்டையைத் தொடும் முன்பும் அவன் அங்கேதான் பார்த்தான். இந்துமதிக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கேட்டருகே பைக் சத்தம். டீக்கு வர்க்கி வாங்கப் போயிருந்த இந்துமதியின் கணவன் ஜெகதீசன் திரும்பி வந்துவிட்டான்.

கோகிலாவின் விரல்கள் அட்டையை விட்டு எழவில்லை. அட்டை நுனி மடங்கியது.

இரண்டாம் சனிக்கிழமைகளில் கோகிலாவுக்கு லீவு. ஜெகதீசனுக்கும் லீவு. இந்துமதிக்கு மட்டும் பள்ளிக்கூடம் உண்டு. "நானும் உன்கூட ஸ்கூலுக்கு வரட்டுமாக்கா?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள். வேலைக்குப் போகிற பெண் கேட்கிற கேள்வியா என்று இந்துமதி சிரித்திருந்தாள்.

அவள் இப்போது ஏன் என்று கேட்கவில்லை. கேட்க எதுவும் மிச்சமில்லை.

"எல்சா, இவ இன்னிக்கு உங்க ஊட்டுல தங்கட்டுங்களா?"

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. இந்துமதி எழுந்துபோய் வாசலை மறித்து நின்றாள். பின்னால் கோகிலா நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது. எங்கே, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

எல்சா தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள்.

"ரூமை நாங்க போன வாரமே ஒழிச்சு வெச்சுட்டோமுங்க அக்கா" என்றாள்.