தில்லிக்குப் புறப்பட்ட பாட்டனார் படம்

வண்ணார்பேட்டை வீட்டுக் கூடத்தில் வீட்டுக்காரர் ஆவுடைநாயகம், தில்லி தேசிய ஓவியக்கூடத்து அதிகாரி சித்ரலேகா, படம் தூக்க வந்த சுடலைராஜ், இசக்கிப்பாண்டி, ஆளுயரச் சட்டத்துக்குள் பாட்டனார் ஆகியோர் இருக்கிறார்கள். படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சுவரின் பழைய நீலம் பளிச்சென்று தெரிகிறது. படத்தைப் படுக்கவைத்துத் தூக்கிய இருவரும் வாசலை நெருங்க, பாட்டனாரின் கால்கள் முதலில் நிலையைத் தாண்டப் போகின்றன. ஆவுடைநாயகம் கைத்தடியைக் குறுக்கே நீட்டுகிறார். “ஏலே, நில்லுங்கலே! பொணமா தூக்குதிய? தலை முன்னால போகட்டும்.” “படந்தான அண்ணாச்சி?” என்கிறான் சுடலைராஜ். “எங்க பாட்டனாருலே.” சித்ரலேகா தலையசைக்கிறாள். இருவரும் பையத் திருப்புகிறார்கள். தலைப்பாகையின் சரிகையில் தெருவெயில் படுகிறது. கொடுக்க மனமில்லாமல் ஆவுடைநாயகம் வாசலில் மறித்தார் என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். படத்தை ஓவியக்கூடத்துக்குக் கொடுப்பதாக எழுதியதே அவர்தான்.