டிவி இருந்த இடத்தில் தேள்

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இருந்தும் கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பிக்கொண்டிருந்தேன்.

"டிவி வெக்கிற எடத்துல தேளா? இன்னா கிரகம்யா இது!" என்றாள் என் மனைவி சொக்கம்மாள்.

"தொட்டி ரெடியா இல்லாங்காட்டி வூட்டுக்கே வரமாட்டேன்னுட்டா மதி. இன்னா பண்ணச் சொல்ற?"

"எல்லாம் நீ குடுக்குற எடம்!"

தேள் பதுங்குவதற்குக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்து, மூடிக்குக் கொக்கி மாட்டினேன். எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் தனி அறை கிடைத்த முதல் ஜீவன் அதுதான்.

வாசலில் மேளச் சத்தம். சொக்கம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடினாள்.

மாலையும் கழுத்துமாக, என் மகன் பகலவனோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள் மதி. கையில் தேள் டப்பா.

நிச்சயதார்த்தத்தில் பெரிய மனுஷனாக நான்தான் சொன்னேன்: "சீரெல்லாம் வேணாம் சம்பந்தி. பொண்ணு ஆசையா வெச்சிகினு கீறத மட்டும் குடுத்தனுப்புங்க, போதும்."