முதல் துண்டு இட்லி

பேஜர் மறுபடியும் முட்டிக்கொண்டது. இந்தத் தடவை டாக்டரம்மாவின் மேசைக்காலில்.

"பாத்தீங்களாம்மா, இப்டித்தான்!" என்றாள் ரத்னம்மா.

நாய் முட்டியதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட. நகரியிலிருந்து திருப்பதி மாட்டாஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டு, இங்கே வந்து அது ஒழுங்காக நடந்து தொலைத்தால் மானம் போகாதா?

டாக்டரம்மா முதலில் பார்த்தது அதன் முன்னங்காலை. மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, முட்டை வெள்ளை காய்ந்து இறுகிப்போன புத்தூர் கட்டு.

ரத்னம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். நாகபூஷணம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

நகரிக்காரர்களுக்கு எது தடுமாறினாலும் முதலில் புத்தூர்தான். எலும்பு நன்றாக இருக்கிறது ஐயா, கொண்டுபோங்கள் என்று கட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இவர்தான், இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு கட்டாவது போடுங்கள் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தாராம்.

அப்படி ஒரு பாசம். மகன் கிஷோர் காலேஜில் படிக்கும்போது தூக்கிவந்த குட்டி. பெரிய மனிதர்கள் இடுப்பில் பேஜர் கத்திக்கொண்டிருந்த காலம் அது. குட்டியும் அதே மாதிரி கீச்சுக் கீச்சென்றதால் அந்தப் பெயர். பேஜரெல்லாம் போய் செல்போன் வந்து, கிஷோரும் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டான். நாய் மட்டும் அப்பனோடு தங்கிவிட்டது.

தினமும் காலையில் தன் தட்டிலிருந்து முதல் துண்டு இட்லியை அதற்கு ஊட்டிவிட்டுத்தான் நாகபூஷணம் வாயில் வைப்பார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் எனக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பாரா இந்த மனுஷன் என்று ரத்னம்மாவுக்கு உள்ளுக்குள் பொறாமை உண்டு.

இரண்டு மாதமாகத்தான் இந்தக் கூத்து. விடிந்ததும் நன்றாக இருக்கும். இட்லி தின்று சற்று நேரம் கழித்துத் வீட்டுத் தறியில் முட்டும், சுவரில் முட்டும், பிறகு சுருண்டு படுத்துவிடும். நாகபூஷணம் நூல் வாங்க ஈரோடு போய் ஒரு வாரம் தங்கியபோது மட்டும் தெருவெல்லாம் ஓடித் திரிந்தது. இவர் இல்லாவிட்டால் நாய்க்குக்கூடக் கண் திறக்கிறது என்று ரத்னம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் பயம் பயம்தான். ஒரேயடியாகக் குருடாகிவிட்டால்? பொங்கலுக்கு வருகிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

டாக்டரம்மா ஜன்னலைச் சாத்தினார். விளக்கு வைத்த சின்னக் கருவியைப் பேஜரின் கண்ணருகே பிடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. தொடையிடுக்கில் விரல் வைத்து நாடி பார்த்தார்.

கண்ணில் கோளாறே இல்லை என்றார். உடம்பை அறுக்காமல் ரத்தக்குழாயைப் பார்க்க முடிகிற இடம் கண்தானாம். இதற்கு அந்தக் குழாய்களெல்லாம் நூலாக மெலிந்துவிட்டன. பிரஷர் இறங்கிப்போய், கண்ணுக்கு ரத்தம் போதவில்லை, அதனால்தான் இருட்டுகிறது. பிரஷர் ஏறினால் இன்னும் மோசம், குழாயே உள்ளுக்குள் வெடித்துவிடும், அதன்பிறகு பார்வை திரும்புவது கஷ்டம். நாயானாலும் மனுஷனானாலும் அதே கதைதான்.

நூல் என்றதும் ரத்னம்மாவுக்குத் தறியில் ஓடுகிற மெல்லிசான நூறாம் நம்பர் நூல்தான் ஞாபகம் வந்தது. ஐயோ, தொட்டால் அறுந்துவிடுமே!

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார்.

"இண்ட்லோ எவரைனா பீபீ மாத்ரலு வேசுகுண்டாரா?"

வீட்டில் யாராவது பிரஷர் மாத்திரை போடுகிறார்களாவா? போடாமல் என்ன! இரண்டு மாதம் முன்பு பார்த்ததில் இவருக்கு நூற்றெண்பது. கிஷோர் மாதம் தவறாமல் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்புகிறான். தினமும் இட்லித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சட்னி எடுக்கத் திரும்புவாள். திரும்பி வந்தால் தட்டில் மாத்திரை இருக்காது.

சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

நாகபூஷணம் இன்னும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிச்சா சாவற வரிக்கும் வுட முடியாதுன்னாங்க. பயமா இருந்துச்சி. தூக்கிப் போடவும் மனசு வர்ல, புள்ள அனுப்புனது. இட்லில வச்சி அவன் நாய்க்கே போட்டுட்டேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மாத்திரையை நிறுத்துங்கள், நாலைந்து நாளில் நாய் சரியாகிவிடும் என்று சொல்லி, காலில் இருந்த கட்டையும் அவிழ்த்துவிட்டார். ரத்னம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதமாக ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத அந்த மனுஷனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் அவரை உட்காரவைத்தாள். டிபன் பாக்ஸ் வைத்திருந்த பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். வரிசையில் நிற்கும்போது, ஒருவன் தன் நாய்க்கு மாத்திரை போட்ட விதத்தைப் பார்த்துவைத்திருந்தாள்.

"வாயத் தொற, கிஷோர் நைனா."

புருஷனின் தாடையை இறுக்கிப் பிடித்தாள். மாத்திரையை நாக்கின் கடைசியில் போட்டாள். வாயை மூடி, முழுங்குகிற வரைக்கும் தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். கண்ணீர் வழிவதையும் அவள் துடைக்கவில்லை.

அவர் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு துண்டு இட்லியைப் பிய்த்தார். பேஜர் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டை ரத்னம்மாவின் வாயருகே நீட்டினார்.

"இதுல இன்னாத்தயாச்சும் ஒளிச்சி வச்சிகீறியா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறந்தாள்.