பாவாயியின் சேலை

செங்கோடன் மாட்டை அடித்துவிட்டு, அதே புளியமிளாறோடு வந்து மனைவி பாவாயியை அடித்தான். இரண்டு பேரையும் பார்த்து "நில்லுடி" என்றுதான் கத்தினான். விடிந்தபோது அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பால் கறக்க அவனே போனான். மாடு கிட்ட அண்டவிடாமல் உதைத்தது. அவளுடைய அழுக்குச் சேலையைச் சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு மறுபடியும் போனான். மோந்து பார்த்த மாடு அவள்தான் என்று நம்பிப் பால் சுரந்தது.

பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்து திரும்பினான். பாவாயியின் இடது கையில் மிளாறு இருந்தது. முக்காட்டுக்குள் அவன் தலை தானாகவே குனிந்தது.

"எந்திரிக்காத," என்றாள் அவள், மாட்டுக்கும் கேட்கும்படி. "அந்தச் சேலையோடயே கறந்து முடி."

குரல் வந்த பக்கம் மாடு திரும்பிப் பார்த்தது. பிறகு பின்னங்காலை மெல்லத் தூக்கியது.