கடைசி பெஞ்சு துலுக்கானம்

"மனைவியை வீட்டில் தூங்க விட்டுவிட்டு, தான் மட்டும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறான் அந்தத் துலுக்கானம். ஜெபமும் கிடையாது, பாட்டும் கிடையாது. இன்றைக்கு அவன் வீட்டுக்கே போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன்!"

பட்டாபிராம் சபையின் போதகர் சற்குணம், சைக்கிளுக்குக் காற்றடித்தபடி சொன்னார். வீட்டிலும் அவர் பிரசங்கத் தமிழ்தான் பேசுவார்.

"அதான் நேத்தே மேடையில வெச்சு வாங்கிட்டீங்களே, போதாதா?" என்றாள் மனைவி புஷ்பா.

வாங்கித்தான் இருந்தார். 'புருஷனைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலில் சுகமாகப் புரளும் சகோதரிகளே!' என்று அவர் மேஜையில் விட்ட குத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து வேதப் புத்தகம் நனைந்தது.

இந்தச் சபைக்கு வந்த இரண்டு வருடத்தில் அதுதான் தன்னுடைய ஆகச் சிறந்த பிரசங்கம் என்பது அவர் அபிப்பிராயம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருக்கு அதே அபிப்பிராயம்தான்.

"முன் பெஞ்சில் ஃபேக்டரி ஆபீசர்கள் எப்படித் தலையாட்டினார்கள், கவனித்தாயா?"

"கவனிச்சேன். தூக்கத்துல தலை அப்படித்தான் ஆடும்."

சற்குணம் சைக்கிளை மிதித்துக் கிளம்பினார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த துலுக்கானம் அவரைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான். பீடி கீழே விழுந்தது.

"ஐயிரே! நீங்க இன்னா இம்மாந் தூரம்?"

தெற்கே போதகரை 'ஐயர்' என்பார்கள். நாசரேத் பக்கத்துக்காரியான ஞானம்மாளைக் கட்டியதால் இவனுக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் மனைவியைப் பார்க்க வேண்டும்."

"அது தூங்குதுங்க. நாளைக்கு வாங்களேன். நானே வந்து உங்கள இட்டாறேன்."

வழியை மறித்துக்கொண்டு நின்றான். சற்குணத்துக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குரலை உயர்த்த வாயைத் திறந்தார்.

அதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "யாரு, நம்ம ஐயரா? உள்ள வரச் சொல்லுங்க!"

ஞானம்மாள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

"நாலு மாசமாச்சு ஐயரே. கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன். சமையல்லருந்து என்னைக் குளிப்பாட்டுறது வரைக்கும் எல்லாம் இவுகதான்."

'கட்டிலில் சுகமாகப் புரளும் சகோதரிகளே' என்ற தன் குரலே காதுக்குள் கேட்டது சற்குணத்துக்கு. உட்காரச் சொல்லியும் உட்கார முடியவில்லை.

"ஏம்ப்பா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தபா வந்தேன் ஐயிரே. ஆபீசருங்களாண்ட பேசிக்கினு இருந்தீங்க. அப்பாலே பாக்கலாம்னு கைய காட்டிட்டீங்க."

"அது கிடக்கட்டும்," என்றாள் ஞானம்மாள். "நான் வராட்டியும் ஒங்க பிரசங்கம் ஒண்ணு விட்டதில்ல. இவுக கேட்டுட்டு வந்து அப்படியே சொல்லிருவாவ. நேத்து சொன்னதைக் கேட்டு அழுதுட்டேன் ஐயரே."

சற்குணம் சமாளிக்கப் பார்த்தார். "நேற்று... நான்..."

"ஒங்க அப்பா பனையேறும்போது ஒரு நாள் பெருங்காத்து அடிச்சுதாமே. மரம் வில்லா வளைஞ்சுதாம். 'என்னைக் காப்பாத்தும் ஆண்டவரே'ன்னு கேக்கலையாம். 'கீழ நிக்கிற எம்புள்ளை பயந்துராம பாத்துக்கிடும்'னு கேட்டாராமே! எங்க அப்பாவும் பனையேறிதான். எழுந்து நடந்துருவோம்னு நேத்துதான் எனக்கு நம்பிக்கையே வந்துது."

சற்குணம் துலுக்கானத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டில் பக்கம் மண்டியிட்டு ஜெபம் செய்தார். நாலே வரி. வழக்கமாக எடுத்துவிடும் கிரேக்க வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

ஏரிக்கரை வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான் துலுக்கானம்.

"கோச்சுக்காதீங்க ஐயிரே. நீங்க பேசறதுல பாதி எனக்குப் புரியறதில்ல. நேத்து ஒரு நாள்தான் முழுசா புரிஞ்சுது. அத்த எப்படி அதாண்ட போயி சொல்றது?"

சற்குணம் நடையைத் தளர்த்தினார்.

"ஊரு நெனப்புலயே ஏங்கிக்கினு கெடக்குது. அதான் அது ஊரு மாதிரியே நானா எதுனா இட்டுக்கட்டி சொல்றது. ஆனா நேத்து கொஞ்சம் ஓவராப் பூட்டேன். உங்க நைனா பெரிய ஹெட்மாஸ்டருன்னு நீங்களே சொல்லி சபையில அத்தினி பேருக்கும் தெரியும். அவரப் போயி பனை ஏற வுட்டுட்டேன். தப்புதாங்க."

சற்குணம் சைக்கிளை வாங்கிக்கொண்டார். ஏறவில்லை. ஸ்டாண்டைப் போட்டு நிறுத்தினார்.

பிறகு பேசியபோது அவருடைய பிரசங்கத் தமிழ் எங்கேயோ போயிருந்தது.

"எங்க அப்பாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாதுடே. சாகுற வரைக்கும் பனையேறிதான். ரெண்டு வருசமா எம்பேர்ல நடந்த பிரசங்கத்துல, அவரைப் பத்தி நெசத்தைச் சொன்னது நீ ஒருத்தன்தான்."